ஆற்றுக் கப்பலின் கணக்கும் பண்ணையார் மரக்காலும்

ஒரு லிட்டர் எண்ணெயைக் கொண்டு ஒரு டன் சரக்கை லாரியில் 24 கிலோமீட்டர் கொண்டு போகலாம். ரயிலில் 85 கிலோமீட்டர். ஆற்றுக் கப்பலில் 105 கிலோமீட்டர். மத்திய சர்க்காரும் அதன் உள்நாட்டு நீர்வழி ஆணையமும் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வரும் கணக்கு இது. கடன் கொடுத்த உலக வங்கியும் இதையே ஒப்பிக்கிறது. மந்திரிகளின் பேச்சில் வருகிறது. முதலாளிப் பத்திரிகைகள் கேள்வி கேட்காமல் அச்சிடுகின்றன.

இந்த மூன்று எண்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் 2016ல் பார்லிமெண்டில் சட்டம் செய்து 111 ஆறுகளையும் கால்வாய்களையும் கழிமுகங்களையும் தேசிய நீர்வழிகள் என்று அறிவித்தார்கள். ஹால்டியாவிலிருந்து வாரணாசி வரை 1,390 கிலோமீட்டர் கங்கையைச் சரக்குக் கப்பலுக்கு ஏற்றபடி சீர்செய்ய 2018 தொடக்கத்தில் 5,369 கோடி ரூபாய்த் திட்டம் மஞ்சூராயிற்று. அதில் 37.5 கோடி டாலர் உலக வங்கிக் கடன். அந்தக் கடனுக்கு வட்டி கட்டுகிறவர்கள் நாமும்தான். நெருப்புப் பெட்டி வாங்குகிற ஒவ்வொருவனும் வரி கட்டுகிறான்.

ஆற்றுவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு நாம் விரோதிகளல்ல. தண்ணீர் மேல் பாரம் இழுப்பது தரைமேல் இழுப்பதைவிட லேசு என்பது தோணிக்காரனுக்கும் தெரியும், கட்டுமரக்காரனுக்கும் தெரியும். ஹூக்ளிக் கரையின் சணல் மில்களுக்குக் கிழக்கு வங்காளத்துச் சணல் ஆற்று வழியே வந்து இறங்கிய காலம் உண்டு. நம்முடைய கேள்வி வேறு. அந்த 105 எங்கே அளக்கப்பட்டது? எந்தக் கப்பலில்? நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போதா, ஓட்டத்தோடு வரும்போதா? முழுப் பாரத்திலா, அரைப் பாரத்திலா? திரும்பி வந்தபோது கப்பலில் சரக்கு இருந்ததா, வெறுங் கப்பலா?

தஞ்சைப் பகுதித் தோழர்களுக்கு இந்தக் கேள்விகளின் பொருளை விளக்க வேண்டியதில்லை. குத்தகை நெல் அளக்க ஒரு மரக்கால், கூலி நெல் அளக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணைகளை அவர்களுடைய பெற்றோரும் பாட்டன்மாரும் பார்த்தவர்கள். இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். மில் தோழர்களும் இதை அறிவார்கள். ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற அதிகாரி எந்த ஷிப்டில், எந்த நம்பர் நூல் ஓடும்போது, எப்படிப்பட்ட பஞ்சில் அளந்தான் என்பதைப் பொறுத்தே அடுத்த மாதத்தின் வேலைப்பளு ஏறும். அளவு என்பது எண் மட்டுமல்ல. அளந்த இடமும் நேரமும் ஆளும் அதில் சேர்த்தி.

ஒரே கப்பல், நான்கு கணக்கு

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டு போனால் அது ஒரு டன்-கிலோமீட்டர். பத்து டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டு போனால் பத்து. கப்பல் எத்தனை டன்-கிலோமீட்டர் வேலை செய்தது, அதற்கு எத்தனை லிட்டர் டீசல் எரிந்தது என்று வகுத்தால் வருவதே கப்பலின் சிக்கனம். கூட்டல் கழித்தல் தெரிந்தவன் யாரும் போடக்கூடிய கணக்கு.

போட்டுப் பார்ப்போம். 1,000 டன் சரக்கு ஏற்றக்கூடிய ஒரு கப்பலை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். முழுப் பாரத்தோடு நிற்கும் தண்ணீரில் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடும். மணிக்கு 60 லிட்டர் டீசல் குடிக்கும். ஆற்றின் ஓட்டம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கொள்வோம். எதிர்த்துப் போகும்போது கரையைக் கடக்கும் வேகம் 6. ஓட்டத்தோடு வரும்போது 14. தூரம் 100 கிலோமீட்டர்.

ஓட்டத்தோடு முழுப் பாரம் கொண்டுவந்தால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சுமார் 430 லிட்டர் எரியும். லிட்டருக்கு 233 டன்-கிலோமீட்டர்! ஒரு கம்பெனி தன் விளம்பரத்தில் இந்தக் கணக்கைத்தான் போடும். பொய் என்று சொல்லவும் முடியாது. இரண்டு பக்கமும் முழுப் பாரம் கிடைத்தால் மொத்தம் 1,430 லிட்டர், லிட்டருக்கு 140. ஆனால் மேல்நோக்கி நிலக்கரி கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வெறுங் கப்பலாகத் திரும்பினால் என்ன ஆகும்? வெறுங் கப்பல் மணிக்கு 40 லிட்டர்தான் குடிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், போகவர 1,286 லிட்டர் ஆகிறது. வேலையோ ஒரு பக்கத்து வேலைதான். லிட்டருக்கு 78. ரயிலின் 85க்கும் கீழே வந்துவிட்டோம்.

இன்னும் ஒன்று பாக்கி. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை. பாதிப் பாரம்தான் ஏற்ற முடிகிறது. எதிர்த்துப் போகும்போது மணிக்கு 50 லிட்டர் என்று குறைத்தே போடுவோம். திரும்பும்போது வெறுங் கப்பல். லிட்டருக்கு 45.

கப்பல் ஒன்று, எஞ்சின் ஒன்று, சாரங்கு ஒருவர். 233, 140, 78, 45 என்று நான்கு விடைகள். நான்கும் சரியான விடைகளே. எதை வெளியே சொல்வது என்பதில்தான் அரசியல் புகுந்துகொள்கிறது.

நிலக்கரியை உதாரணமாக எடுத்தது சும்மா அல்ல. ஃபராக்கா அனல் மின் நிலையத்துக்கு இறக்குமதி நிலக்கரியை ஆற்றுவழியே கொண்டுபோக 2011ல் ஒரு தனியார் கம்பெனியோடு ஒப்பந்தமாயிற்று. 2013ல் கப்பல்கள் ஓடத் தொடங்கின. நிலக்கரியைக் கொட்டிய கப்பல் திரும்புகையில் எதை ஏற்றும்? நிலக்கரித் தூசி படிந்த அறையில் அரிசியை ஏற்றுவார்களா? 105 என்று பேசுகிறவர்கள் இந்தத் திரும்பும் பயணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆறு வளைந்து போகிறது, தண்டவாளம் நேரே போகிறது

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. அதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு தேசப்படம் போதும்.

கல்கத்தாவிலிருந்து வாரணாசிக்கு ரயிலில் சுமார் 680 கிலோமீட்டர். கங்கை வழியே போனால் சுமார் 1,250 கிலோமீட்டர். ஆறு வடக்கே ஃபராக்கா வரை ஏறி, ராஜ்மகால் மலையைச் சுற்றி, பாகல்பூர், பாட்னா என்று வளைந்து வளைந்து போகிறது. சர்க்கார் சொல்லும் எண்களையே அப்படியே ஏற்றுக்கொண்டு 1,000 டன் சரக்குக்குக் கணக்குப் போடுவோம். ரயிலில் 680 கிலோமீட்டரை 85ஆல் வகுத்தால் 8,000 லிட்டர். கப்பலில் 1,250 கிலோமீட்டரை 105ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12,000 லிட்டர். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கப்பல் சிக்கனம். ஊருக்கு ஊர் ரயில் சிக்கனம்!

லாரியில் போனால் 28,000 லிட்டருக்கு மேல் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாரியோடு ஒப்பிட்டால் கப்பல் பாதிக்கும் குறைவான எண்ணெயில் காரியத்தை முடிக்கிறது. அதை மறைத்தால் நாமும் ஒரு பக்கத்து மரக்காலைத் தூக்கியவர்களாவோம். ஆனால் கல்கத்தா - வாரணாசி வழியில் ரயில் இருக்கிறது. அதுவும் மின்சார ரயில். அங்கே கப்பல் போட்டி போடுவது லாரியோடு மட்டுமல்ல. அசாமில், சுந்தரவனத்தில், ரயில் எட்டாத ஆற்றங்கரையூர்களில் கணக்கு வேறாக வரும். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று நாம் சொல்வதன் காரணம் இதுதான். நாடு முழுவதற்கும் ஒரே 105 என்பது ஊர் முழுவதற்கும் ஒரே அளவில் செருப்புத் தைப்பது போன்றது.

2018 நவம்பரில் வாரணாசித் துறையைப் பிரதமர் திறந்து வைத்தபோது, கல்கத்தாவிலிருந்து ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் தின்பண்டமும் பானமும் ஏற்றிய கப்பல் வந்து சேர்ந்தது. 16 பெட்டிகள். அக்டோபர் கடைசியில் கிளம்பிய கப்பல் வந்துசேரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். எத்தனை லிட்டர் எரிந்தது என்பது அந்த விழாவின் பேச்சாக இல்லை.

அடியில் தண்ணீர் இல்லாவிட்டால்

ஆழம் குறைந்தால் பாரம் மட்டுமல்ல, ஓட்டமும் கெடும். விஷயம் இப்படி. கப்பல் முன்னே நகரும்போது அது இடம் மாற்றும் தண்ணீர் பக்கவாட்டிலும் அடியிலும் வழிந்து பின்னே போக வேண்டும். கடலில் அடியில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. இரண்டரை மீட்டர் ஆழமுள்ள ஆற்றில் கப்பலின் அடிக்கும் மணலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அந்தச் சந்தில் தண்ணீர் பீறிட்டுப் பாய்கிறது; கப்பலின் அடிப்பாகத்தைக் கீழே இழுக்கிறது; அலை எழும்புகிறது. எஞ்சின் முக்கி முனகுகிறது, வேகம் ஏறுவதில்லை. 3 மீட்டர் ஆழத்தில் அலையே மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. கப்பல் அந்த வேகத்தை நெருங்க நெருங்க எரிக்கும் எண்ணெயெல்லாம் அலை கிளப்பவே செலவாகும்.

கங்கைத் திட்டத்தின் குறியே கீழ்ப்பகுதியில் 3 மீட்டர், வாரணாசிப் பக்கத்தில் 2.2 மீட்டர் ஆழம்தான். மணல் ஆண்டுதோறும் இடம் மாறுகிறது; இன்று தோண்டிய வாய்க்கால் அடுத்த வெள்ளத்தில் தூர்ந்துபோகிறது. தூர் வாரும் யந்திரமும் டீசலில்தான் ஓடுகிறது. அந்த டீசல் யார் கணக்கில்? கப்பலின் கணக்கிலும் இல்லை, சரக்கின் கணக்கிலும் இல்லை. ரயில் பாதைக்கும் கல்லும் இரும்பும் வேண்டும்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதினால் போதும் என்கிறோம். கங்கைக் கரையில் மூங்கில் தட்டிகளைச் சாய்வாக நட்டு, ஓட்டத்தையே திருப்பி மணலை நகர்த்தும் பழைய வித்தை ஒன்று உண்டு. அதில் எண்ணெய்ச் செலவு அற்பம், ஆள் வேலை அதிகம். அதனால்தானோ என்னவோ அதைப் பற்றிப் பெரியவர்கள் விழா எடுப்பதில்லை.

அளப்பது எப்படி?

பெரிய விஞ்ஞானம் வேண்டாம். பாதிக் கருவிகள் கப்பலிலேயே இருக்கின்றன. முன்னும் பின்னும் நடுவிலும் கப்பல் பலகையில் எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்தால் எத்தனை டன் ஏறியிருக்கிறது என்று தெரியும். எண்ணெய்த் தொட்டியில் கம்பியை இறக்கிப் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். எஞ்சினுக்குப் போகும் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினால் இன்னும் துல்லியம். எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு பாரம் தாங்கும்போது மயிரிழை முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கை அளந்தால் எஞ்சின் கொடுக்கும் குதிரை சக்தி தெரியும். கப்பல் கரையைக் கடக்கும் வேகம் ஒன்று, தண்ணீரைக் கடக்கும் வேகம் ஒன்று. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஆற்றோட்டத்தின் பங்கு எவ்வளவு, எஞ்சினின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும். அடியிலுள்ள ஆழத்தையும் எழுத வேண்டும்.

குதிரை சக்தி என்றதும் இன்னொரு பிரசாரக் கணக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு குதிரை சக்தி ரோட்டில் 150 கிலோவையும், தண்டவாளத்தில் 500 கிலோவையும், தண்ணீரில் 4,000 கிலோவையும் இழுக்கும் என்பது அது. எந்த வேகத்தில் என்று மட்டும் கேட்கக்கூடாது! கைக்குழந்தை நடக்கிற வேகத்தில் போவதானால் ஒரு குதிரை சக்திக்கு இன்னும் அதிகமாகக்கூட இழுக்கலாம்.

கடலில் போகும் புதிய கப்பல்களுக்கு இந்த அளவு 2013 முதல் கட்டாயம். சர்வதேசக் கடல் ஸ்தாபனம் 2011ல் செய்த விதி அது. ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டுபோக எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்று கணக்கிட்டு, வரம்புக்கு மேல் போகும் கப்பலைக் கட்டவே கூடாது என்றார்கள். ஆற்றுக் கப்பல்கள் அந்த விதிக்குள் வரவில்லை. கடல் சூத்திரத்தை ஆற்றுக்கு அப்படியே போடவும் முடியாது. ஓட்டமும் ஆழமும் மணிக்கு மணி மாறும் இடத்தில் அமைதியான ஆழ்கடலின் சூத்திரம் என்ன செய்யும்? ஐரோப்பாவின் ரைன் நதியில் கப்பல் போக்குவரத்தை மேற்பார்க்க 1815லேயே ஏற்பாடு தோன்றியது. அத்தனை பழமையான கப்பல் வழியில்கூட 2018லும் 2022லும் தண்ணீர் வற்றியபோது, கப்பல்கள் தம் பாரத்தில் சிறு பங்கையே ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன. அந்த மாதங்களின் கணக்கும் செழிப்பான மாதங்களின் கணக்கும் ஒன்றாகுமா?

அமெரிக்காவின் கதை சுவாரஸ்யமானது. ஒரு காலன் எண்ணெயில் ஒரு டன் சரக்கு ஆற்றில் 514 மைல், ரயிலில் 202 மைல், லாரியில் 59 மைல் போகும் என்று அங்கே வெகுகாலம் பறையடித்தார்கள். பின்னால் 2007ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்தபோது ஆற்றில் 576, ரயிலில் 413, லாரியில் 155 என்று வந்தது. ரயிலைவிட இரண்டரை மடங்கு என்று இருந்த ஆற்றின் பெருமை ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆற்றுப் போக்குவரத்துக்காரர்களின் ஸ்தாபனமே கேட்டு வாங்கிய ஆராய்ச்சி அது! அதுவும் மிசிசிப்பியில். அங்கே 1,500 டன் பாரப் படகுகள் பதினைந்தை ஒன்றாகக் கட்டி ஒரே தள்ளுகப்பல் தள்ளுகிறது. கங்கையிலோ ஒன்றரையாயிரம், இரண்டாயிரம் டன் கப்பல் தனியாகப் போவதே திட்டத்தின் எல்லை. அங்கே ஆற்றுக் கப்பல் எரிக்கும் ஒவ்வொரு காலனுக்கும் 1980 முதல் தனி வரி இருக்கிறது. ஆகவே எத்தனை காலன் எரிந்தது என்பது கஜானாவுக்குத் தெரியும். பணம் வரும் இடத்தில் அளவு தானாக வந்துவிடுகிறது.

டீசல் மிச்சம், வேர்வை மிச்சமா?

இதுவரை சொன்னது எண்ணெயின் கணக்கு. ஆளின் கணக்கு ஒன்று இருக்கிறது.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் எண்ணெய் நிறைய மிச்சமாகும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு எரியும் எண்ணெய் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நம்முடைய உதாரணக் கப்பல் 10 கிலோமீட்டருக்குப் பதில் 9ல் ஓடினால் மணிக்கு 60 லிட்டர் 44 ஆகிவிடும். நிற்கும் தண்ணீரில் நூற்றுக்கு 19 பங்கு மிச்சம். எதிரோட்டத்தில் மிச்சம் குறையும். 1,000 லிட்டர் 875 ஆகும். ஆனால் 16 மணி 40 நிமிடத்தில் முடிந்த அதே 100 கிலோமீட்டர் 20 மணி நேரம் இழுக்கும்.

அந்த 3 மணி 20 நிமிடம் யாருடையது? சாரங்கு, டிரைவர், கிரீசர், லஸ்கர் என்று கப்பலில் இருக்கிறவர்களுடையது. மாதச் சம்பளமானால் அவர்கள் வீட்டைவிட்டு இருக்கும் நாள் கூடுகிறது. நடைக்கு இவ்வளவு என்று பேசிய கூலியானால் மாதத்தில் நடை குறைகிறது, கூலி குறைகிறது. 125 லிட்டர் டீசலின் விலை முதலாளியின் பைக்குப் போகிறது. சிக்கனத்துக்கு நாம் எதிரியல்ல. புகை குறைந்தால் முதலில் மூச்சு விடுகிறவன் எஞ்சின் அறைத் தொழிலாளிதான். மிச்சத்தில் பங்கும் ஓய்வு நேரமும் ஆள் பலமும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே நம் பேச்சு. ஒரு நெசவாளிக்கு இரண்டு தறியை நாலாக்கியபோதும் இதே 'சிக்கனம்' என்ற சொல்லைத்தான் சொன்னார்கள்.

ஒரு காலத்தில் ஆற்றுப் படகுகள் ஒரு துளி எண்ணெய்கூட எரிக்காமல் ஓடின. வால்காக் கரையில் தோல்பட்டையை மார்பில் மாட்டிக்கொண்டு படகிழுத்த கூலிகளை ரெப்பின் என்ற ஓவியர் 1870களின் தொடக்கத்தில் வரைந்து முடித்தார். ருஷ்ய மக்கள் அந்தப் படத்தை மறக்கவில்லை. வங்காளத்து ஆறுகளிலும் கரையில் நடந்து கயிறு இழுத்தார்கள். நம் பக்கிங்ஹாம் கால்வாயிலும் காற்று விழுந்தால் தோள் கொடுத்தது மனிதன்தான். எண்ணெய்க் கணக்கில் அது உலகத்திலேயே உன்னதமான சிக்கனம். லிட்டருக்கு எத்தனை டன்-கிலோமீட்டர் என்று வகுக்கவே முடியாது. அங்கே எரிந்தது கஞ்சி. கஞ்சியை யாரும் அளக்கவில்லை.

கரையில் இருக்கிறவர்களும் கணக்கில் வர வேண்டும். பீகாரில் சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை சுமார் 80 கிலோமீட்டர் கங்கை நீர் தனியார் ஜமீனாகவே இருந்தது. நிலத்து ஜமீன் ஒழிந்த பின்னும் நீர் ஜமீன் ஒழியவில்லை. கஹல்காவ்ன் மீனவர்கள் 1982ல் தொடங்கிய போராட்டம் 1991 வரை நடந்து, ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை மீட்டது. அந்த வழியேதான் கப்பல் பாதை போகிறது. ஃபராக்கா நிலக்கரிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியபோது வலை அறுகிறது, மீன் கலைகிறது என்று கீழ்க் கங்கை மீனவர்கள் முறையிட்டார்கள். ஜமீனிடமிருந்து மீட்ட தண்ணீரைக் கம்பெனியிடம் பறிகொடுப்பதா என்று அவர்கள் கேட்டால் 105 என்ற எண் அதற்குப் பதிலாகாது.

சர்க்கார் கப்பலை விற்றுவிட்டுக் கம்பெனிக்குச் சகாயம்

1965 யுத்தத்தில் கிழக்குப் பாகிஸ்தான் வழி அடைபட்டது. வெள்ளைக்காரர் காலத்து ஆற்றுக் கப்பல் கம்பெனி நொடித்தது. 1967ல் மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கார்ப்பரேஷன் என்ற பொதுத்துறை ஸ்தாபனம் அந்தக் கம்பெனியின் சொத்துக்களை ஏற்று உருவாயிற்று. சரக்கு ஏற்றியது, கப்பல் பழுது பார்த்தது. அதைப் பட்டினி போட்டு, ஆளைக் குறைத்து, கடைசியில் 2016ல் கலைத்துவிட முடிவு செய்தார்கள். 111 நீர்வழிகளுக்குச் சட்டம் வந்ததும் அதே 2016தான். வழி பொதுப் பணத்தில், கப்பல் தனியாருடையது.

பிறகு 2024 டிசம்பரில் ஜலவாஹக் என்ற திட்டம் வந்தது. கங்கை, பிரம்மபுத்திரா, பராக் வழிகளில் 300 கிலோமீட்டருக்கு மேல் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு ஓட்டச் செலவில் நூற்றுக்கு 35 வரை சர்க்கார் திருப்பிக் கொடுக்கும் என்று அறிவித்தார்கள். ஓட்டச் செலவில் பெரும் பங்கு டீசல். செலவில் பங்கு என்றால் அதிகம் எரித்தவனுக்கு அதிகம் கிடைக்குமா? குறைத்து எரித்தவனுக்குத்தானே கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? டன்-கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கைக் காட்டினால்தான் சகாயம் என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், இத்தனை நாளும் அளக்க முடியாது என்றவர்கள் ஒரே வாரத்தில் மீட்டர் மாட்டிவிடுவார்கள்.

பொதுப் பணத்தைத் தொடும் ஒவ்வொரு கப்பலும் போகிற நடை, வருகிற நடை இரண்டுக்கும் சேர்த்து, கிடங்கிலிருந்து கிடங்கு வரை கணக்கு எழுத வேண்டும். துறையில் இறக்கிய சரக்கை லாரி எவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று என்பதும் அதில் வர வேண்டும். எழுதுவது சாரங்கும் டிரைவரும். அவர்களுடைய சங்கத்துக்கு ஒரு பிரதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுத்தொகையை இந்தியிலும் வங்காளியிலும் அச்சடித்துத் துறைமேடையில் ஒட்ட வேண்டும், மீனவனும் படித்துப் பார்க்கும்படி.

நம் பக்கத்திலும் இதற்கு வேலை வருகிறது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சிக்கு மண் சுமந்த ஜனங்களைக் கொண்டு அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே வெட்டி இணைத்த பக்கிங்ஹாம் கால்வாய், 2008ல் தேசிய நீர்வழி நம்பர் 4ல் சேர்க்கப்பட்டது. விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் சென்னைக்கு வந்த பாதை அது. 1966 புயலும் 1976 புயலும் அதை உடைத்தன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. கரையில் குடிசை போட்டிருந்தவர்களை 'நீர்வழி' என்ற பெயரைச் சொல்லியும் அப்புறப்படுத்த முடியும். நாளைக்கு ஒரு அதிகாரி 24, 85, 105 என்று எழுதிய காகிதத்தோடு அங்கே வந்து நின்றால், எந்த ஆற்றில் அளந்தது, திரும்பும் நடையையும் சேர்த்தாயா என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள்.